கடைசியாக வந்தவர் பரிமாற வேண்டும்

சட்டசபை மெம்பர் ஒருவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து எல்லோர் இலையிலும் உப்புமா வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே நம்புவதில்லை. மெம்பர் என்றால் காரில் வந்து இறங்குவார், மாலையைப் போட்டுக்கொள்வார், கைகூப்பிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் இவர்களுக்குத் தெரியும். நான் சொல்வது யுத்தத்துக்கு முந்தின காலம். மாகாணத்தில் புதுச் சட்டப்படி தேர்தல் நடந்து, ஜனங்கள் ஓட்டுப் போட்ட மெம்பர்கள் அப்போதுதான் சென்னைக்கு ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பொதுவாக ஒரு சேவா சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்தில் இரண்டு சட்டசபை மெம்பர்கள் இருந்தார்கள். அவர்களோடு நானும் இருந்தேன். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது பிரம்மதேசம் பக்கத்துச் சேரியில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நட்டு, பிறர் நிலத்தில் அறுத்தவர்கள். நான் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு, வெள்ளைச் சேலையும் கறுப்புத் தோல்பையுமாகத் திண்டிவனத்தில் வேலைக்கு வந்து இறங்கினேன். மிட்வைஃப் என்பது உத்தியோகப் பெயர். ஊருக்கு நான் நர்ஸம்மா. அந்தப் பைக்கு எல்லா வீட்டிலும் மரியாதை இருந்தது. எனக்கு உண்டான மரியாதைதான் வீட்டுக்கு வீடு மாறும்.

பெரிய வீடுகளில் வலி எடுத்தால் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். முன்வாசல் வழியாக ஓட்டமாக உள்ளே அழைத்துப் போவார்கள். குழந்தை பிறந்து, தாய்க்குத் துணி மாற்றி எல்லாம் முடிந்ததும், "அப்படியே பின்பக்கமா போயிடும்மா" என்பார்கள். அந்தக் குழந்தையை உலகத்தில் முதலில் தொட்டவள் நான். தொட்ட கை காய்வதற்குள் அந்த வீட்டுச் சொம்பை நான் தொடக்கூடாது. இதற்கெல்லாம் எனக்கு ஒருநாளும் அழுகை வந்ததில்லை. கோபம்தான் வரும். கோபத்தோடு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டுவேன். மறுநாள் கூப்பிட்டால் மறுபடியும் போவேன். வலி எடுத்தவள் என்ன செய்வாள்?

பெரிய வீடுகளை விடுங்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது மரக்காணம் சாலைதான். பெருமுக்கல், பிரம்மதேசம், அதற்கப்பால் கடலோரக் குப்பங்கள் என்று அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் பிரசவம் சிக்கலானால் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து என்னைத் தேடிக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்து எங்கே இறக்குவது? என்னுடையது ஒற்றை அறை வீடு. அந்தப் பெண்களுக்கு இடம் கொடுக்கிற வீடு டவுனில் கிடையாது. வண்டியைச் சாலையோரப் புளியமரத்தடியில் அவிழ்த்துவிட்டு, சுற்றிலும் சேலையைக் கட்டி மறைத்து, வண்டிக்குள்ளேயே நான் பிரசவம் பார்ப்பேன். மழை பெய்தால் தலைக்கு மேல் சாக்கைப் பிடித்துக்கொள்வார்கள். சில வண்டிகள் வரும்போதே உள்ளே சத்தம் இருக்காது. ஓட்டி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் சேலையை விலக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆனாலும் பார்ப்பேன்.

அதே சாலையில், டவுனுக்குள் நுழைகிற இடத்தில், சேவா சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டிடம் சும்மா கிடந்தது. சீமை ஓடு போட்டு, நல்ல ஜன்னல் வைத்து, பின்னால் கிணற்றோடு கட்டிய இடம். புண்ணியவான் யாரோ தருமத்துக்கென்று சங்கத்துக்கு எழுதி வைத்தது. சங்கத்தார் அதில் சில சமயம் சீட்டாடுவார்கள். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எந்த ஜன்னலோரம் கட்டில் போடலாம், எந்த மூலையில் வெந்நீர் அடுப்பு வைக்கலாம் என்று மனதுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது அந்தக் கட்டிடம். அதைக் கேட்க வேண்டுமென்றால் சங்கத்துக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் வெளியாள் கேட்டால் அவர்கள் விவாதத்துக்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே போக வழிவிட்டது வாந்திபேதி. ஒரு கோடையில் கெடார் பக்கம் ஆரம்பித்து எல்லாப் பக்கமும் பரவியது. சங்கத்தின் தலைவர் விழுப்புரத்தில் வைத்தியம் பார்த்த வயதான டாக்டர். ஊசி போட ஆள் பற்றாமல் அவர் என்னையும் கூட அழைத்துக்கொண்டார். ஊசி என்றால் ஜனங்கள் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். அப்போதுதான் இரண்டு மெம்பர்களும் உபயோகப்பட்டார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க முதல் ஊசியை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஒருவர் கதர் மெம்பர். திண்டிவனத்து வக்கீல், சர்க்கார் கட்சி, ஒல்லியான ஆள். மேடை ஏறினால் சாதி வித்தியாசம் ஒழிய வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசுவார். மற்றவர் பண்ணை மெம்பர். விழுப்புரத்துப் பக்கம் பெரிய நிலக்காரர், எதிர்க்கட்சி, வாட்டசாட்டமான உடம்பு. கதர் மெம்பர் கண்ணை மூடிக்கொண்டு ஊசியைப் பொறுத்துக்கொண்டார். பண்ணை மெம்பர் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எழுந்தவர் முதலில் கேட்டது, "அவரு போட்டுக்கினாரா?" என்பதுதான். போட்டுக்கொண்டார் என்றதும் கையை நீட்டிவிட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் மருந்து, ஆகாரம் எல்லாமே ஒருவர் மற்றவரைப் பார்ப்பதுதான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

வாந்திபேதி ஓய்ந்ததும் டாக்டர் என்னைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றார். சேவைக்கென்று சங்கம் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் ஊசி போட்டவளை வெளியே நிறுத்த முடியாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். முணுமுணுத்தார்கள், ஆனால் சேர்த்தார்கள். கூட்ட நாளில் பலகாரத்துக்குத் தரையில் எல்லோருக்கும் வரிசையாகப் பாய் விரித்து இலை போடுவார்கள். என் இலை மட்டும் வரிசை முடிந்து, ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, கதவோரம் விழும். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்குக் கட்டிடம் வேண்டும்.

இப்போது உப்புமா விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலில் ஜெயித்த பிறகு மெம்பர்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்கு நேரம் கழித்து வர ஆரம்பித்தார்களாம். வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. டாக்டருக்கு எரிச்சல் வந்து ஒரு விதி போட்டார். கூட்டத்துக்குக் கடைசியாக வருகிறவர் எவரானாலும் அன்றைய பலகாரத்தை எல்லோருக்கும் பரிமாற வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அதற்கு மேல் இன்னொரு விதியைச் சேர்த்தவர் மண்டிக்காரர். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருந்தவர், சங்கத்தில் செல்வாக்கான புள்ளி. மெம்பர்கள் ஓட்டெடுக்கும் நேரத்துக்கு உள்ளே நுழைந்து, கையைத் தூக்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். ஆகவே பந்தியில் சாப்பிடாதவருக்கு அன்றைக்கு ஓட்டு இல்லை என்று அவரே சொல்லி, அவரே நிறைவேற்றி வைத்தார்.

இந்த இரண்டு விதிகளால் மெம்பர்கள் பரிமாறுவதில் தேர்ந்துவிட்டார்கள். கதர் மெம்பர் அளந்து அளந்து வைப்பார். பண்ணை மெம்பர் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறிக்க மறிக்க அள்ளிக் கொட்டுவார். அவர் பரிமாறுகிற நாளில் கடைசியில் இருக்கிற எனக்குச் சட்டியில் ஒன்றும் மிஞ்சாது.

நான் மட்டும் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. என் கையால் வாங்கிக் கை நனைப்பது வேறு. அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேச வேண்டிய நிலை வராதபடி நான் எப்போதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

கடைசியில் ஒரு கூட்டத்தில் எழுந்து கட்டிடத்தைக் கேட்டேன். பிரசவ விடுதிக்கு வேண்டும் என்றேன். உடனே மண்டிக்காரரும் எழுந்தார். அவருக்கு மூட்டை அடுக்க அந்தக் கட்டிடம் வேண்டுமாம். சங்கத்துக்கு வாடகை வரும், கட்டிடமும் பாழாகாது என்றார். அடுத்த மாதம் விழுப்புரத்தில் கூடி ஓட்டெடுத்து முடிவு செய்வது என்று டாக்டர் அறிவித்தார்.

விழுப்புரத்தில் கூட்டம் என்றால் திண்டிவனத்துக்காரர்கள் எல்லோரும் மத்தியானப் பாசஞ்சரில் சேர்ந்து போவோம். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கூட்டம் ஆரம்பிக்கும். அன்றைக்கும் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. வாசலில் வெற்றிலைக் கடைக்காரர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"இன்னாம்மா, நீங்க போவலையா? உங்காளுங்க அல்லாரும் அப்பவே மண்டிக்காரர் காருல போய்ட்டாங்களே. இன்னிக்கிக் கூட்டம் முன்னாடியே ஆரம்பிச்சுடுதாமே?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரத்தை முன்னுக்கு மாற்றி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்போது சாப்பாடு முடிந்து, ஓட்டு முடிந்து, கட்டிடம் மல்லாட்டைக் கிடங்காகியிருக்கும். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் தோற்றாலும் அவர்கள் மூஞ்சியைப் பார்த்துத் திட்டிவிட்டாவது தோற்போம் என்று ரயில் ஏறிவிட்டேன். வழி நெடுகத் திட்டுவதற்கு வார்த்தை பொறுக்கிக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்ந்திருந்தன.

விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டம் நடக்கும் பங்களாவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வாசலில் இரண்டு மெம்பர்களும் எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே சங்கத்தார் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலைகள் காலியாக இருந்தன. ஓட்டு என்ன, உப்புமாவே இன்னும் ஆகவில்லை.

நடந்தது இதுதான். எனக்கும் சொல்லியாயிற்று என்று டாக்டரை நம்பவைத்து மண்டிக்காரர் கூட்டத்தை முன்னுக்கு மாற்றினார், ஆனால் மெம்பர்களை அவரால் மாற்ற முடியவில்லை. இரண்டு பேரும் வழக்கம்போலத் தாமதம். அதிலும் அன்றைக்கு இருவர் வண்டியும் ஒரே சமயத்தில் வந்து நின்றிருக்கிறது. யார் கடைசி என்பதில் தகராறு.

"நான் வண்டிய உட்டு எறங்கறப்போ நீ தெருமொனையிலதான்யா வந்துக்கினு இருந்த. நீதான் கடைசி" என்றார் பண்ணை மெம்பர்.

"எறங்கறது கணக்கில்லைங்க. வாசப்படி தாண்டறதுதான் கணக்கு. சட்டம் படிச்சவன் சொல்றேன். நீங்க இன்னும் தாண்டல" என்றார் கதர் மெம்பர்.

"நீ தாண்டிட்டியா?"

"நீங்க வழிய மறிச்சிக்கினு நின்னா எப்படித் தாண்டறது?"

உள்ளே மண்டிக்காரர் நெருப்பு மேல் உட்கார்ந்திருப்பவர் போலத் தவித்தார். "யாரும் வேணாம், நானே பரிமாறிடறேன். ஜல்தியா ஆரம்பிங்கப்பா, பேஜாரு பண்ணாதீங்க" என்று அவர் கெஞ்சுவது வெளியே எனக்குக் கேட்டது. டாக்டர் தன் இலை முன்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, "அதெப்படி? கடைசியா வந்தவர்தான். நீங்க மொத ஆளா வந்தீங்களே" என்று சிரித்தார். பாசஞ்சர் வந்துவிட்ட ஊதல் மண்டிக்காரர் காதில் விழுந்திருக்கும்.

நான் வாசலில் போய் நின்றேன். மெம்பர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு முகமும் விளக்கேற்றினது போல மலர்ந்தது.

"அதோ, அம்மா வந்துட்டாங்க! அவங்கதான் கடைசி!"

இருவரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். சென்னையில் சட்டசபையில் அவர்கள் அப்படி ஒரே குரலில் பேசியிருக்க வாய்ப்பே இல்லை. கத்தியபடியே துள்ளி உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் தாங்கள் சொன்னது என்னவென்று அவர்களுக்கே உறைத்தது.

நான் பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. சிரிப்பு. எனக்குச் சொல்லாமல் வந்து என்னைக் கடைசி ஆளாக்கியதே இவர்கள்தான்.

செருப்பைக் கழற்றினேன். பின்பக்கம் போய், பிரசவத்துக்குக் கழுவுவதைப் போல முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, உப்புமாப் பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றேன்.

"பரிமாறலாங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

மண்டிக்காரர் எழுந்துவிட்டார். "இன்னா டாக்டர் இது? வெளாட்டுக்குச் சொன்ன விதிய வெச்சிக்கினு... ஊர்ல நாங்க தல நிமிந்து நடக்க வேணாமா?"

"சாப்பிடாதவருக்கு ஓட்டு இல்லைன்னீங்களே, அதுவும் வெளாட்டா?" என்றார் டாக்டர். பிறகு தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "போடும்மா."

போட்டேன். அவருக்கு அது பெரிய விஷயமில்லை. அவர் வாந்திபேதி நாட்களில் என் வீட்டில் கஞ்சியே குடித்தவர். அடுத்த இரண்டு இலைகள்தான் விஷயம். இரண்டு மெம்பர்களும் எதிரெதிர் வரிசையில், நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்த இரண்டு இலைகளையே பார்த்தார்கள். அவர்கள் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். அவர்கள் கை வைத்தால் மற்றவர்களுக்கு எழுந்திருக்க முகம் இருக்காது.

அவர்களோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் மனதிலும் ஓடியது எனக்கு எழுதிப் படித்தது போலத் தெரிந்தது. கதர் மெம்பர் எழுந்து போனால், மேடையில் சமத்துவம் பேசுகிறவர் பந்தியில் எழுந்து ஓடினார் என்று நாளைக்கே பண்ணை மெம்பர் கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பார். பண்ணை மெம்பர் எழுந்து போனால், சேரி ஓட்டு ஒன்றுகூட இனி அவருக்கு விழாமல் கதர் மெம்பர் பார்த்துக்கொள்வார். எழுந்திருக்க இருவருக்கும் ஆசைதான். முதலில் எழுந்திருக்கத்தான் இருவருக்கும் பயம்.

நான் பண்ணை மெம்பர் முன்னால் போய் நின்றேன். சுடச்சுட உப்புமாவின் மணம் அவர் மூக்குக்கு நேராகப் போனது. காலையிலிருந்து வண்டியில் அலைந்த மனுஷன். அவர் எதிர் வரிசையைப் பார்த்தார். உப்புமாவைப் பார்த்தார்.

"போடும்மா. இன்னும் கொஞ்சம். சட்னி மல்லாட்டையா? ஊத்து, ஊத்து" என்றார்.

அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு வாய் இல்லை, இலையில் பாதி. அவசரத்தில் விக்கல் எடுத்துவிட்டது. கண் பிதுங்க, "தண்ணி" என்று கையை ஆட்டினார். நான் சொம்பை நீட்டினேன். வாங்கினார், அண்ணாந்து ஊற்றிக்கொண்டார், காலி செய்து என்னிடமே திருப்பித் தந்தார். என் கையிலிருந்து அவர் கைக்கும், அவர் கையிலிருந்து என் கைக்கும் அந்தச் சொம்பு போய்வந்தது. எத்தனையோ வீட்டில் நான் தொடக்கூடாதிருந்த பொருள். அழுதுவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று சட்டென்று எதிர் வரிசைக்குத் திரும்பினேன்.

கதர் மெம்பர் ஏற்கெனவே இலையைத் துடைத்து வைத்திருந்தார். கொஞ்சம் வைத்தேன். அவர் ஊசிக்கு மூடியது போலவே கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் எடுத்தார். விழுங்க நேரம் பிடித்தது. ஆனால் விழுங்கினார். இரண்டாவது வாய் சுலபமாகப் போனது. மூன்றாவது வாய்க்குக் கண்ணைத் திறந்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அந்த மனுஷனை நான் கேலி செய்வேன், ஆனால் குறைத்துப் பேச மாட்டேன். மேடையில் பேசியதை வயிற்றுக்குள் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன்.

அதற்குமேல் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். சிலர் பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மண்டிக்காரரும் அவருக்கு வேண்டியவர்கள் இரண்டொருவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் போகும்போது ஒருவரும் தடுக்கவில்லை. எல்லோர் வாயிலும் உப்புமா இருந்தது.

கடைசியாக எனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டேன். கதவோரத்தில் இல்லை. மண்டிக்காரர் எழுந்துபோன இடம் வரிசை நடுவில் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். கதர் மெம்பர் சொன்னது சரிதான், உப்பு கம்மி. ஆனாலும் அப்படி ஒரு உப்புமாவை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பேச எழுந்தேன். ரொம்பப் பேசவில்லை. "மரக்காணம் ரோட்ல வர்ற பொம்பளைங்க வண்டியில செத்துப்போறாங்க. உங்க கட்டிடத்துல கட்டில் போட்டுக் கொடுத்தா அவங்கள்ல பாதிப் பேரை நான் பொழைக்க வெப்பேன். மூட்டை எங்க வேணா இருக்கும். புள்ள பெறறவ எங்க வேணா பெற முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். கதர் மெம்பர் கை உடனே போனது. பண்ணை மெம்பர் மண்டிக்காரருக்கு வேண்டியவர், ஒவ்வொரு வருஷமும் அவர் மல்லாட்டையெல்லாம் அந்த மண்டிக்குத்தான் போகும். அவர் காலியான தன் இலையைப் பார்த்தார்.

"சாப்புட்டாச்சு. இனிமே இன்னா இருக்குது" என்று கையைத் தூக்கினார்.

ஜெயித்தோம். கொஞ்சத்தில்தான் ஜெயித்தோம். எழுந்து போனவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் தோற்றிருப்போம். திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, கல்யாணச் சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மண்டிக்காரர் அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவேயில்லை. ஆனால் கட்டிடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒருநாள் அவர் மனைவி வந்தார். வெளுத்து மடித்த பழைய வேட்டிகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து வைத்தார். "குழந்தைங்களுக்குச் சுத்தறதுக்கு ஆவும். அவர்கிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, முன்வாசல் வழியாகவே போனார்.

திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று பெரிய பேச்சு நடந்தது. ஒரு மெம்பரை அழைத்தால் மற்றவர் கோபித்துக்கொள்வார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கத்திரிக்கோலைப் பிடித்து ரிப்பனை வெட்டுவது என்று கடைசியில் முடிவாயிற்று. அன்றைக்கு வாசலில் வாழைமரம் கட்டி, மேளக்காரர்களை உட்கார வைத்து, சிவப்பு ரிப்பனை நிலைக்குக் குறுக்கே நானே கட்டினேன். சங்கத்தார் எல்லோரும் வந்துவிட்டார்கள். டாக்டர் வந்துவிட்டார். மெம்பர்களை மட்டும் காணோம். வெயில் ஏறிக்கொண்டே போனது.

அப்போது மரக்காணம் சாலையில் ஒரு வண்டி ஓட்டமாக வந்தது. உள்ளே குப்பத்துப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். வண்டிக்குள்ளிருந்து சத்தம் பலமாகக் கேட்டது. எனக்கு அந்தச் சத்தத்தைவிட நல்ல மேளம் கிடையாது. சத்தம் இருந்தால் உயிர் இருக்கிறது. அவள் மாமியார் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினாள். வாழைமரத்தையும் கூட்டத்தையும் ரிப்பனையும் பார்த்தாள்.

"இன்னா நர்ஸம்மா, புள்ள வந்துக்கினே இருக்குது, நீ ரிப்பனைக் காவல் காத்துக்கினு நிக்கிற?"

டாக்டர் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தார். நான் காத்திருக்கவில்லை. ரிப்பனை ஒரே இழுப்பாக இழுத்துப் பிய்த்தேன். பெண்ணை இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டுபோய், ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பின் மேல் படுக்க வைத்தோம். கதவைச் சாத்தினேன். வெந்நீர் தயாராக இருந்தது. வெளிச்சம் இருந்தது. தலைக்கு மேல் ஓடு இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. வண்டியில் என்றால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. இங்கே கை கழுவ இடமும் நிதானமாகப் பார்க்க நேரமும் இருந்தது. வயிற்றின் மேலேயே கை வைத்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவள் என் தோளை நகத்தால் பிறாண்டினாள். பிறாண்டட்டும் என்று விட்டேன். குழந்தை வெளியே வந்து, ஒரு மூச்சு யோசித்துவிட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. வெளியே மேளக்காரர்களுக்கு யார் சொன்னார்களோ, முழங்க ஆரம்பித்துவிட்டார்கள். தாய் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அன்றைக்கு அழலாம், காரியம் முடிந்துவிட்டது.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. மெம்பர்கள் இருவரும் இறங்கி, தரையில் கிடந்த ரிப்பனையும் சாத்தியிருந்த கதவையும் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கதர் மெம்பர் கையில் கத்திரிக்கோல் இருந்தது.

"இன்னாம்மா இது? நாங்க வர்றதுக்குள்ள யாரு தெறந்து வெச்சது?" என்று பண்ணை மெம்பர் கேட்டார்.

நான் கதவைத் திறந்து, துணியில் சுற்றிய குழந்தையை அவர்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தேன்.

"இவங்கதாங்க. இன்னும் பேரு வெக்கல."